உட்கார வைப்பதுதான் சங்கையா?



பிதா மாதாவைச் சங்கிக்கவேண்டும் என்பது தேவ கற்பனைகளில் நான்காவது. அதை மறுப்பவர் நம் வீடுகளில் எவருமில்லை. ஆனால் அதை நிறைவேற்றும் விதத்தில்தான் ஒரு தப்பெண்ணம் நமக்குள் வேரூன்றியிருக்கிறது. "அம்மா, நீங்கள் எழுந்திருக்க வேண்டாம், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்லிக் கையிலிருக்கும் துடைப்பத்தை வாங்கிவிடுகிறோம். பிறகு அரிவாள்மணை; பிறகு கடைக்குப் போகும் பை. கடைசியில் அவர்களுக்கு மிஞ்சுவது கட்டில் ஒன்றே. இதுவா சங்கை?

நம் பங்கில் 80 வயதைக் கடந்த ஒரு பாட்டி தினமும் காலைப் பூசைக்கு நடந்தே வருவார். சென்ற மழைக்காலத்தில் காய்ச்சலாய்ப் படுத்தார். ஒரு வாரத்தில் காய்ச்சல் நீங்கிற்று, பிள்ளைகளோ எழவிடவில்லை. நானும் என் பங்குக்கு, "சிரமப்பட வேண்டாம் பாட்டி, முதல் வெள்ளிதோறும் நானே நன்மை கொண்டுவருகிறேன்" என்றேன். மூன்றாம் மாதம் போனபோது, பிறர் தாங்காமல் அவரால் நிற்க முடியவில்லை. "காய்ச்சல் என்னைச் சாய்க்கலே சாமி, நீங்க எல்லாருமாச் சேர்ந்து படுக்க வச்சிட்டீங்க" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

முதுமை வேறு, தளர்ச்சி வேறு. லிண்டா ஃபிரீட் என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடைய தோழர்களும் 2001-ல் தளர்ச்சிக்கு ஐந்து அடையாளங்களை வகுத்தார்கள்: தானாகவே உடல் இளைப்பது, ஓயாத அசதி, கைப்பிடி வலுக்குறைவு, மந்த நடை, நடமாட்டக் குறைவு. இவற்றில் மூன்று சேர்ந்தால் தளர்ச்சி எனலாம். நல்ல சுகமுள்ள முதியோரையே 10 நாள் படுக்கையில் வைத்துப் பார்த்த ஓர் ஆராய்ச்சி 2007-ல் வெளிவந்தது. அவர்கள் கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ சதை கரைந்துபோயிருந்தது! ஆனால் போனது திரும்பவும் கூடும். 1990-ல் பாஸ்டன் நகரில், 90 வயதை ஒட்டிய தளர்ந்த முதியோர் 10 பேருக்கு 8 வாரம் கால்களால் பாரம் தூக்கும் பயிற்சி கொடுத்தார்கள். முடித்தவர் 9 பேர். அவர்களுடைய கால் வலு சராசரியில் இரண்டரை மடங்குக்கும் மேலாயிற்று.

"விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் யார் பார்ப்பது?" என்பீர்கள். நியாயமான பயம். விவேகமும் ஒரு புண்ணியமே. இராத்திரியில் ஒரு விளக்கு, குளியலறையில் பிடிக்க ஒரு கம்பி, கண் பரிசோதனை, தலைசுற்றல் தரும் மாத்திரையுண்டா என்று டாக்டரிடம் ஒரு கேள்வி: இவை விவேகம். ஆனால் மனச்சாட்சியை இன்னும் கொஞ்சம் சோதித்துப் பாருங்கள். ஊட்டிவிட்டால் பத்து நிமிடம். தாமாகச் சாப்பிட விட்டால் முக்கால் மணி. நம் அவசரத்துக்குத்தான் பல வேளை அன்பென்று பெயரிடுகிறோம். (இதைச் சாக்கிட்டுச் சமையலையும் பேரப்பிள்ளைகளையும் அவர்கள் தலையில் கட்டலாமென்று எவரும் எண்ணவேண்டாம். மெய்யாகவே முடியாதவரைத் தூக்கித்தான் ஆகவேண்டும்.)

சீமோனுடைய மாமியாரும் காய்ச்சலாய்க் கிடந்தவர்தான். ஆண்டவர் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். அவர் எழுந்து பணிவிடை செய்தார். உட்காரும்படி அங்கே யாரும் சொன்னதாகச் சுவிசேஷத்தில் காணோம்.

நம் பாட்டிக்கு இப்போது பேத்தி கைகொடுக்கிறாள். டாக்டரைக் கேட்டுக்கொண்டு, நாற்காலியிலிருந்து எழுவதும் அமர்வதுமாகக் காலையில் ஐந்து தடவை, மாலையில் ஐந்து தடவை. கஞ்சியோடு நிறுத்தாமல் முட்டை, மீன், பயறும் கொடுக்கிறார்கள். போன வாரம் வாசற்படி வரை வந்துவிட்டார்.

வீட்டில் நன்மை வாங்குவோர் பட்டியலில் 14 பேர் இருக்கிறார்கள். கோவில் பக்கவாசல் படிக்குக் கைப்பிடி வைக்கத் தச்சரிடம் சொல்லியாயிற்று. அந்தப் 14 பேரில் யாரைக் கைபிடித்து ஞாயிறு பூசைக்கு அழைத்துவரலாம் என்று கேட்க, இந்த வாரம் ஒவ்வொரு வீட்டுக்கும் வருகிறேன்.