புதுமையை அளக்கும் கோல்

ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரம் 1955 முதல் வழங்கிவரும் இசையமைப்புப் பரிசு சமகால இசைக்கு, அதாவது பழகிய சுர, தாளக் கட்டுகளைக் கடந்து ஒலியையே புதிதாக ஆராயும் இசைக்கு, உரியது. இதுவரை இல்லாத ஒன்றை ஏற்கெனவே இருக்கும் அளவுகோலால் நடுவர்கள் எவ்வாறு மதிப்பிட இயலும் என்னும் மெய்யியல் வினா இத்தகைய பரிசுகள் அனைத்தையும் தொடர்ந்து வருகிறது. மேதைமை என்பது கலைக்கு விதி வகுக்கும் இயல்பாற்றல் என 1790இல் வெளியான தம் நூலில் மெய்யியலாளர் இம்மானுவேல் காண்ட் வரையறுத்தார். ஆயினும் பொருளற்ற பிதற்றலும் புதிதாக இருக்கக்கூடும் என்பதால், மேதையின் படைப்பு பிறர்க்கு முன்மாதிரியாகவும் விளங்க வேண்டும் என்று அவர் சேர்த்த நிபந்தனையே இங்கு உண்மையான சிக்கல், ஏனெனில் முன்மாதிரி காலம் கடந்தே புலப்படும்.

1968இல் இந்த ஸ்டுட்கார்ட் பரிசைப் பெற்ற இசையமைப்பாளர் ஹெல்மூட் லாகன்மன் அதன்பின் தனிச் செல்லோவுக்கு எழுதிய ‘பிரெஸ்ஸியோன்’ படைப்பில், வில்லைத் தந்தியின்மீது அழுத்தி இழுக்கையில் எழும் கரகரப்பும், விரல்கள் தந்தியை வருடும் மெல்லோசையும் இசையின் மூலப்பொருளாயின. இனிய நாதத்திற்காக வழக்கமாக மறைக்கப்படும் உடலுழைப்பு அங்கே செவிக்கு எட்டியது. இளம் படைப்பாளரிடம் இத்தகைய துணிவை முன்கூட்டியே இனங்காணும் தீர்ப்பு, சான்றுக்கு முந்திய சமய நம்பிக்கையை ஒத்தது எனலாம். எனினும் இசைக்குறிப்பை வரிவரியாகப் படித்துக் காரணம் கூறும் கடமை நடுவர்க்கு இருப்பதால், அதைக் குருட்டு நம்பிக்கை என்று தள்ளுவது பிழையாகும்.