ஹதீஸ் என்னும் சொல்

"ஹஜ்ரத், கருத்து நல்லதாயிருக்கிறது, கேட்பவர் பயனடைகிறார். நபிகள் நாயகம் சொன்னதாகச் சொன்னால் என்ன குற்றம்?"

சீன தேசம் சென்றேனும் கல்வி தேடுமாறு பணிக்கும் வாசகத்தைப் பற்றி, மார்க்கப் பற்றுமிக்க பெரியவர் ஒருவர் என்னிடம் இவ்வாறு வினவினார். அவ்வாசகத்தை இப்னுல் ஜவ்ஸீ (மறைவு கி.பி. 1201) அவர்கள் இட்டுக்கட்டப்பட்டவற்றுள் சேர்த்துள்ளார்கள். இளமையில் மேடைதோறும் அதனை முழங்கியவர்களுள் நானும் ஒருவன்.

விடையை 'ஹதீஸ்' என்னும் சொல்லிலேயே தேடலாம். 'ஹதஸ' என்னும் அரபு வினைக்கு 'நிகழ்ந்தது', 'புதிதாய் உண்டாயிற்று' என்பன பொருள். அதனடியாகப் பிறந்த 'ஹாதிஸ்' நிகழ்ச்சியைக் குறிக்கும். 'ஹதீஸ்' புதியதையும், செய்தியையும், பேச்சையும் குறிக்கும். திருமறை, மூஸா (அலை) அவர்களின் வரலாற்றை ஹதீஸ் என்கிறது (20:9); தன்னையே 'மிக அழகிய ஹதீஸ்' என்றும் கூறுகிறது (39:23). பின்னர் இச்சொல் நபிகளாரின் சொல், செயல், அங்கீகாரம் ஆகியவற்றுக்கு உரிய பெயராய் நிலைத்தது. (நாம் வழங்கும் 'நபிமொழி' இவற்றுள் முதலாவதை மட்டுமே தாங்குகிறது, ஆயினும் இனிய சொல்!) இறைவாக்கு 'கதீம்', அதாவது அநாதியானது, அதற்கு எதிர்நிலையாகவே நபிகளாரின் கூற்று 'ஹதீஸ்' எனப்பட்டது போலும் என்பது இப்னு ஹஜர் அஸ்கலானீ அவர்களின் கருத்து.

ஆகவே, 'இது ஹதீஸ்' என்பவர் ஒரு கருத்தைப் புகழ்வதோடு நின்றுவிடவில்லை. ஒன்று நிகழ்ந்ததெனச் சாட்சி பகர்கிறார். அந்தத் திருவாய் இதனை மொழிந்தது, இன்னார் செவியுற்றார், இன்னாருக்கு அறிவித்தார் என்கிறார். நிகழாத ஒன்றைக் கருத்தின் அழகு நிகழ்த்திவிடுமா? நியாயம் வாதியின் பக்கமே இருக்கட்டும். காணாததைக் கண்டேன் என்பவன் பொய்ச்சாட்சியன்றோ? கல்வி கடமையென்பதற்கு இப்னு மாஜாவில் வேறு அறிவிப்பு இருக்கிறது. சீனத்தை இழப்பதால் கல்வி ஏழையாகிவிடாது.

ஸுபைர் (ரலி) அவர்களிடம் மகனார் அப்துல்லாஹ் (ரலி), மற்றவர்களைப் போலத் தாங்கள் ஏன் நபிகளாரைப் பற்றி அறிவிப்பதில்லை என்று கேட்டார். நபிகளாரை விட்டுப் பிரியாதிருந்த அப்பெருமகனார், தம்மீது பொய்யுரைப்போர் நரகில் தம் இருப்பிடத்தைத் தேடிக்கொள்ளட்டும் என அண்ணலார் எச்சரித்ததையே காரணமாகக் காட்டினார்கள். புகாரியில் இது பதிவாகியுள்ளது. உடனிருந்து கேட்டவருக்கே அத்துணை அச்சம்!

இதைச் சொன்னதும் பெரியவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அப்படியானால் பழமொழி என்று சொல்லலாமா, ஹஜ்ரத்?" என்றார்.

தாராளமாகச் சொல்லலாம் என்றேன்.