அடைக்கலம்: ஈகையா, கடமையா?

கோவில்பட்டிக்குக் கிழக்கே, எட்டயபுரத்தை அடுத்த தாப்பாத்தியில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கிறது. ஊர் வழக்கில் அகதிகள். சட்டத்துக்கு வெறும் அயல்நாட்டினர். 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை; 2019 குடியுரிமைத் திருத்தத்திலும் இலங்கை இல்லை.

இந்தியா தர்மசத்திரம் அல்ல என்று 2025 மே மாதம் இலங்கைத் தமிழர் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. சத்திரம் என்றால் அடைக்கலம் ஈகை. ஈந்தவர் எப்போது வேண்டுமானாலும் கதவைச் சாத்தலாம். சிலப்பதிகாரத்து மாதரிக்கு அது கடமை. தன்னிடம் ஒப்படைக்கப்பட்ட கண்ணகியைக் காக்க முடியாமற்போனதால் தீப்புகுந்தாள். அரசுகளிடம் யாரும் அவ்வளவு கேட்பதில்லை.

அரசமைப்பு இரண்டுக்கும் நடுவே நிற்கிறது: 21ஆம் உறுப்பு எவருடைய உயிரையும் காக்கிறது, இங்கே குடியிருக்கும் உரிமையை 19ஆம் உறுப்பு குடிமக்களுக்கு மட்டுமே தருகிறது. 1987 ஜூலைக்குப் பின் முகாமில் பிறந்த குழந்தைக்கும், பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இல்லாவிட்டால், பிறப்பால் குடியுரிமை கிடையாது.