மிச்சம் பிடித்த தண்ணீர் யாருக்கு?

கம்பம் பள்ளத்தாக்கு வாய்க்கால் தண்ணீரால் வாழும் பூமி. 1895-ல் பெரியாறு அணை திறக்கப்பட்டு, மேற்குக் கடலுக்கு ஓடிய நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திரும்பியது. இன்று லோயர்கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை ஏறத்தாழ 14,700 ஏக்கர் இருபோக நெல்வயல் அந்த நீரை நம்பி இருக்கிறது. அதே தேனி மாவட்டத்தில் ஆண்டிபட்டிப் பக்கம் போனால் நிலைமை வேறு. மழை மறைவில் கிடக்கும் அந்தப் புஞ்சைக் காடுகளுக்குக் கிணறும் போர்வெல்லும்தான் கதி.

விளைச்சல் குறையாமல் தண்ணீரைக் குறைக்கும் வழிகள் இரு பகுதிக்கும் இன்று உண்டு. நெல்வயலில் எந்நேரமும் தண்ணீர் கட்டி நிற்க வேண்டியதில்லை. துளையிட்ட குழாய் ஒன்றை வயலில் புதைத்து, அதனுள் நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கிய பிறகு மறுதண்ணீர் பாய்ச்சினால் போதும். நட்ட புதிதிலும் பூக்கும் பருவத்திலும் மட்டும் வயல் காயக்கூடாது. சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் பரப்பிய இம்முறையில் 30 சதவிகிதம் வரை நீர் மிச்சமாகும். வாழைக்கும் திராட்சைக்கும் சொட்டுநீர்க் குழாய் இருக்கிறது. சிறு, குறு விவசாயிகளுக்கு அரசு முழு மானியம் தருகிறது.

ஆனால், மிச்சமாகும் தண்ணீர் யாருக்குச் சொந்தம்?

ஆண்டிபட்டிப் பக்கம் ஒரு விவசாயி சொட்டுநீர் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். நான்கு மணி நேரம் ஓடிய மோட்டார் இரண்டு மணி நேரத்தில் நின்றுவிடுகிறது. மறு வருஷம் தரிசாய்க் கிடந்த இரண்டு ஏக்கரிலும் அவர் வாழை வைக்கிறார். மோட்டார் பழையபடி நான்கு மணி நேரம் ஓடுகிறது. அவர் ஒரு சொட்டையும் வீணாக்கவில்லை. தரிசைப் பயிராக்குவதோ மார்க்கம் மெச்சும் காரியம். பிறகு குறை எங்கே?

குறை பூமிக்கடியில் இருக்கிறது. முன்பு வாய்க்காலில் பாய்ச்சியபோது, பயிர் குடித்தது போக மிஞ்சியதில் ஒரு பகுதி வெயிலில் ஆவியாயிற்று. மற்றொரு பகுதி மண்ணுக்குள் இறங்கி, அவர் கிணற்றுக்கும் பக்கத்துக் கிணற்றுக்கும் ஊற்றாய்த் திரும்பியது. இப்போது இறைத்த நீரில் பெரும்பகுதியை வாழையே குடித்துவிடுகிறது. இறைப்பது அதே அளவு, திரும்புவது குறைவு. 2018-ல் ‘சயின்ஸ்’ ஆய்விதழில் அறிஞர்கள் பலர் சேர்ந்து எழுதியதும் இதுவே. சிக்கனமான பாசனம் வந்ததனால் மட்டும் நீர்ச்செலவு குறைவது அரிது; எடுக்கும் அளவுக்கும் வரம்பு வேண்டும். பம்புசெட்டுக்கு மின்சாரமும் இலவசம் ஆகையால், மோட்டாரை நிறுத்தும்படி பணக்கணக்கு நம்மிடம் சொல்லப்போவதில்லை.

வரம்பு எது என்பதற்கு ஹதீஸில் ஒரு வழக்கு உண்டு. மதீனாவில் ஹழ்ரத் ஜுபைர் (ரலி) அவர்களுக்கும் அன்ஸாரி ஒருவருக்கும் பேரீச்ச மரங்களுக்குப் பாயும் வாய்க்கால் பற்றித் தகராறு வந்தது. ஜுபைர் (ரலி) அவர்களின் நிலம் மேட்டில் இருந்தது. முதலில் பாய்ச்சிக்கொண்டு பக்கத்தவருக்கு விட்டுவிடும்படி நாயகம் (ஸல்) அவர்கள் கூறினார்கள். அந்த அன்ஸாரி அதைப் பாரபட்சம் என்று சொன்ன பிறகே, ஜுபைர் (ரலி) அவர்களின் முழு ஹக்கையும் எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். அந்த முழு ஹக்கும் கரண்டைக்கால் அளவு நீர் என்றே மக்கள் கணித்தார்கள். மேட்டு நிலத்தாருக்கு முதல் உரிமை உண்டு. ஆயினும் முழு உரிமைக்கும் ஓர் அளவு உண்டு.

கடன்பட்ட விவசாயியிடம் இதைச் சொல்வது நியாயமா என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். அவர் ஒருவர் மட்டும் அடக்கிக்கொண்டால், அவர் விட்ட நீரை அடுத்தவர் ஆழ்துளை இழுத்துவிடும். ஆகவே இந்தச் சுமையை ஒருவர் தலையில் வைக்க முடியாது. ஓர் ஊற்றைப் பங்கிடும் பத்துப் பேர், எந்த மதத்தவராயினும், நடவுக்கு முன் கூடி அமர வேண்டும். கிணறுகளின் நீர்மட்டத்தை அளந்து, இவ்வருஷம் எத்தனை ஏக்கர், என்ன பயிர் என்று பேசி முடிக்க வேண்டும். வாய்க்கால் பாசனத்தில் தலைமடைக்காரர் கடைமடைக்காரரை நினைத்து மடையை அடைப்பதும் இதே கடமைதான்.

ஒளுச் செய்யும்போது தண்ணீரை அளந்து செலவிடக் கற்றவர்கள் நாம். அந்த அளவு வயலிலும் நம்மோடு வரட்டும். மிச்சம் பிடித்ததில் ஒரு பங்கைப் பூமியிலேயே விட்டுவைக்கும் மனத்தை வல்ல நாயன் நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.