அசலும் வட்டியும்

வாங்கிய கடனைத் திருப்பித் தருவது நீதி, ஐயமில்லை. ஆனால் வளர்ந்துகொண்டே போகும் வட்டியும் அவ்வாறே நம் மனச்சான்றைக் கட்டுப்படுத்துமா?

பிரிட்டனில் துணிக்கடைகள் வழங்கும் கடன் அட்டையில், ஆண்டுக்கு 30 விழுக்காடு வட்டிக்கு 600 பவுண்டு கடன்பட்ட பெண்ணொருத்தி மாதம் 15 பவுண்டு செலுத்துவதாகக் கொள்வோம். ஏறத்தாழ 13 பவுண்டை வட்டியே விழுங்கிவிடும். ஒருமுறை தவணை தவறி 12 பவுண்டு அபராதம் விழுந்தால், அரையாண்டுச் சிக்கனம் அத்தோடு கரைந்தது. (ஒரு மேலாடைக்கு இத்தனை பாடு!)

கடன் கொடுத்தோம் என்பதற்காகவே அசலுக்கு மேல் கேட்பதைத் திருத்தந்தை 14-ஆம் பெனடிக்ட் 1745-இல் கண்டித்தார். கொடுத்தவரின் இழப்பு போன்ற புறக்காரணங்களுக்கு ஈடு பெறுவதை அவர் மறுக்கவில்லை. அந்த ஈடு எங்கே முடிகிறது என்பதே கேள்வி.

18 மாதங்களாக அசலைவிட வட்டியும் கட்டணமுமே மிகுதியாகக் கட்டியோரைக் கடன் கொடுத்தவர் கவனிக்க வேண்டுமென்றும், மேலும் 18 மாதம் அந்நிலை நீடித்தால், இயலாதோர்க்கு வட்டியைக் குறைத்தோ தள்ளியோ உதவ வேண்டுமென்றும் 2018-இல் அந்நாட்டில் விதி வந்தது. அதைக் கேட்க அப்பெண் நாணவேண்டியதில்லை. அசலை அவள் மறுக்கவில்லையே.