இருபது பல்லின் விரதம்

கியர் இல்லாத சைக்கிள் என்று நாம் சொல்லும் வண்டியிலும் ஒரு கியர் உண்டு. ஓடும்போது அதை மாற்ற முடியாது, அவ்வளவுதான். முன்னால் 44 பல், பின்னால் 18 பல் உள்ள ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். பின் ஃப்ரீவீலை 20 பல்லாக மாற்றினால் மிதியில் தர வேண்டிய அழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைகிறது. அதே தூரத்துக்கு மிதிக்கும் சுற்றோ ஒன்பதில் ஒரு பங்கு கூடுகிறது. மொத்த உழைப்பு அப்படியே இருக்கிறது. இருந்தும் இந்த மாற்றத்தைக் கால் தளர்ந்ததன் அடையாளமாகப் பார்ப்பவர்கள் உண்டு. நோன்பைப் பற்றியும் இதே எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது: கடினமாக இருந்தால்தான் விரதம், இளக்கினால் பலன் போய்விடும். இது தவறு என்று நினைக்கிறேன். விரதத்தின் அளவை நம் பலம் குன்றிய வேளையை வைத்தே முடிவு செய்ய வேண்டும்.

கேளம்பாக்கத்தில் குடியிருந்து மாம்பாக்கம், வண்டலூர்ப் பக்கம் வேலைக்குப் போகிறவருக்குக் காற்றே இதைச் சொல்லிக்கொடுத்துவிடும். சாலை பெரும்பாலும் சமதளம்தான். ஆனால் கோடையில் உச்சி சாய்ந்ததும் கடற்காற்று கிளம்பிவிடும். வேலை முடிந்து கிழக்கே திரும்புகிறவரின் முகத்தில் அடிக்கும். கேரியரில் அரிசிப் பையும் இருந்துவிட்டால், காலையில் தெம்போடு மிதித்த அதே 18 பல் மாலையில் முழங்காலைப் பிடித்துக்கொள்ளும். ஒரே ஓர் அளவுதான் வைத்துக்கொள்ள முடியும் என்றால், அது வீடு திரும்பும் வழிக்குத் தோதானதாக இருக்க வேண்டாமா?

வருத்திக்கொண்டால்தானே உரம் ஏறும், தவம் என்பதே அதுதானே என்று கேட்கலாம். பாலிப் பௌத்த நூல்களில் சோணர் என்றொரு பிக்கு வருகிறார். செல்வக் குடியில் பிறந்து, பாதம் பிளந்து ரத்தம் கசியும் வரை நடந்து பயின்றவர். அந்தக் கடுமை அவரை எங்கே கொண்டுபோய் விட்டது? துறவை விட்டு வீட்டுக்கே போய்விடலாமா என்ற யோசனையில். முன்பு வீணை வாசித்தவர் என்பதால் புத்தர் அவருக்கு நரம்பைக் கொண்டே விளக்கினார்: மிகவும் முறுக்கினாலும் இசை இல்லை, தொய்ந்தாலும் இல்லை. சமணம் இதை ஒரு முறையாகவே வகுத்துவைத்தது. கொல்லாமை முதலான அதே ஐந்து விரதங்கள், துறவிக்கு மகாவிரதம், இல்லறத்தாருக்கு அணுவிரதம். ஏரும் அடுப்பும் உள்ளவரிடம் துறவியின் அளவை அது கேட்கவில்லை. இதைச் சலுகை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வாழ்நாள் முழுக்கச் சுற்ற வேண்டிய சுற்று அதிலும் இருக்கிறது.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அளவு ஆளுக்கு ஆள் மாறும் என்றால், சோம்பலும் தன்னை அளவு என்று சொல்லிக்கொள்ளுமே? இதைத் தட்டிக்கழிக்க முடியாது. கியர் வண்டியில் நினைத்த மாத்திரத்தில் விரலால் இளக்கிவிடலாம். ஃப்ரீவீல் அப்படிக் கழலாது. மிதித்த ஒவ்வொரு மிதியும் அதன் மரையை இறுக்கியே வைத்திருக்கும். மெக்கானிக் கழற்றும் கருவியை வைஸில் பிடித்து, அதன்மேல் சக்கரத்தைப் படுக்கவைத்து, ரிம்மை இரண்டு கையாலும் பற்றி இடப்பக்கம் திருகுவார். பெரும்பாலும் முதல் முயற்சியில் அசையாது. 20 பல்லை ஏற்றியபின் அச்சைக் கால் அங்குலம் முன்னே தள்ளி, செயின் தொய்வு பார்த்து, பிரேக் கட்டையைச் சரிசெய்ய வேண்டும். வண்டியை விட்டு இறங்கி, பட்டறையில் நின்று எடுக்கிற முடிவு அது. விரதத்தை இளக்குகிறவரும் அப்படியே இளக்கட்டும்: எதிர்காற்றில் திணறும் நேரத்தில் வேண்டாம், மனம் ஓய்ந்த பொழுதில், வீட்டாருக்குத் தெரிய. அதற்கும் ஒரு விலை உண்டு. காற்று அடங்கிய காலையில் கால் விசுக்விசுக்கென்று சுழலும், வண்டி அதற்கேற்ப ஓடாது, பள்ளிப் பிள்ளைகள்கூட முந்திப் போவார்கள். 18 பல்லே போதுமாக இருந்ததே என்று மனம் சொல்லும். மாலைக் காற்று கிளம்பும்வரை அந்த மனத்தோடேதான் மிதிக்க வேண்டும்.