கண்ணகியின் பெயரில் ஒரு நகர்

சென்னையின் ஆற்றோரங்களிலிருந்தும் கால்வாய்க் கரைகளிலிருந்தும் பெயர்க்கப்பட்ட குடும்பங்களைக் கொண்டுபோய் வைத்த இடங்களில் ஒன்றுக்குக் கண்ணகி நகர் என்று பெயர். செஞ்சியில் சிலப்பதிகாரம் நடத்தும் ஒவ்வோர் ஆண்டும் இந்தப் பெயர் என்னை இடறுகிறது. விசாரிக்காமல் கொடுத்த தண்டனைக்கு அரசவையிலேயே கணக்குக் கேட்டவள் அவள். கேட்கப்படாமலேயே இடம் மாற்றப்பட்டவர்களின் குடியிருப்புக்கு அவள் பெயரை வைக்க அரசுக்குக் கை கூசவில்லை.

அரசு சொற்களால்தான் முதலில் இடிக்கிறது. 1970இல் தொடங்கிய வாரியத்துக்குத் தமிழில் 'குடிசை மாற்று', ஆங்கிலத்தில் 'ஸ்லம் கிளியரன்ஸ்'. தமிழ் மாற்றுகிறது, ஆங்கிலம் அகற்றுகிறது. தொடக்கக் காலத்தில் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே மாடி வீடு கட்டித் தந்தபோது தமிழ்ப்பெயர் பொருந்தியது. 2000க்குப் பிறகு கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று ஊருக்கு வெளியே தள்ளியபோது ஆங்கிலப்பெயரே உண்மையானது. 2021இல் அது 'நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்' ஆயிற்று.

2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பின் வந்த சொல் 'பாதுகாப்பு'. ஆற்றங்கரை ஆபத்து, உங்கள் நன்மைக்குத்தான் சொல்கிறோம் என்றார்கள். ஆபத்து பொய்யில்லை. ஆனால் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய பெரும்பாக்கமும் செம்மஞ்சேரியும் அதே வெள்ளத்தில் நின்றன. அடையாற்றின் மேலேயே பாலம் போட்டு நீட்டிய விமான ஓடுபாதையும் மூழ்கியது; அதை யாரும் 'ஆக்கிரமிப்பு' என்று அழைப்பதில்லை.

என் கேள்வி இது: சொல்வதெல்லாம் உண்மையாக இருந்தும் ஒரு பேச்சு வஞ்சகமாக இருக்க முடியுமா? முடியும் என்றே நினைக்கிறேன். சிமென்ட் வீடு, கழிப்பறை, பெண்ணின் பெயரில் ஒதுக்கீட்டு ஆணை எல்லாம் உண்மைதான். கூவக்கரைப் பெண்களுக்கும் கழிப்பறை வேண்டும். பூட்டிய வீட்டில் தூங்குகிற நான் குடிசைக்குப் பாட்டெழுத உரிமையில்லாதவள். ஆனால் முடிவெடுத்தபின் சொல்லப்படும் உண்மை தகவல் மட்டுமே. அதற்கு 'மாட்டேன்' என்று பதில் சொல்ல இடமில்லை. 'மாட்டேன்' சொல்ல முடியாத இடத்தில் 'சரி' என்பதற்கு என்ன பொருள்? பெண்ணின் உடல் தொடர்பாக இதைப் பேசிப் பேசி நமக்கு வாய் வலித்திருக்கிறது. ஒதுக்கீட்டு ஆணையில் அவள் போடும் கையெழுத்தைப் பற்றியும் அதையே கேட்க வேண்டும். ஜேசிபி நிற்கும் தெருவில் வாங்கியது சம்மதமா?

2022 மே மாதம், பக்கிங்காம் கால்வாயோரம், ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் நீதிமன்ற உத்தரவின்படி வீடுகளை இடித்தபோது ஒரு முதியவர் தீக்குளித்து இறந்தார். அதன்பின் முதல்வர் சட்டமன்றத்தில், அம்மக்களுக்கு மந்தைவெளி, மயிலாப்பூர் பகுதியிலேயே வீடு தரப்படும், இனி முன்கூட்டியே கலந்துபேசப்படும் என்றார். அப்படியானால் பக்கத்திலேயே வீடு தர முடிந்திருக்கிறது. கேட்கவும் முடிந்திருக்கிறது. ஒரு உயிர் எரிந்த பிறகு.

அந்தக் கலந்துபேசலில் யார் உட்காருவார்கள்? கட்சிக்காரர், சங்கத் தலைவர், வட்டச் செயலாளர். காலை ஆறு மணிக்கு மயிலாப்பூரில் முதல் வீட்டு வாசலைத் தெளிக்க வேண்டியவள் அந்த நேரத்தில் வேலையில் இருப்பாள். எத்தனை வீட்டில் வேலை, எத்தனை மணிக்குப் போய்ச் சேர வேண்டும், பிள்ளையை யாரிடம் விட்டுப் போகிறாய் என்று வரைபடம் போடும் முன் அவளிடம் கேட்டிருந்தால், அந்த வரைபடத்தில் பெரும்பாக்கம் வந்திருக்குமா?